ஒளித்திருப்பம்: பயற்று நாற்று முதல் கெப்போங் காட்டு முகடு வரை

ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை உணர்ந்து, அந்தப் பக்கம் நோக்கித் தாவரம் தன் தண்டையும் இலைக்காம்பையும் வளைத்து வளர்வது ஒளித்திருப்பம். தமிழகப் பாடநூல்கள் இதை ஒளிச்சார்பசைவு என்று குறிப்பிடுகின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில், தாவரங்கள் தூண்டலுக்கேற்பத் துலங்கும் என்ற பாடத்தில் இது வருகிறது. ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் பச்சைப்பயற்று நாற்றை வைத்தால், சில நாள்களில் அது துளையை நோக்கிச் சாய்ந்து நிற்கும். நாற்றின் நிழல் பக்கம் ஒளிப் பக்கத்தைவிட வேகமாக நீள்வதே காரணம். அதாவது, இது வளர்ச்சியால் விளையும் வளைவு. வளர்ந்து முற்றிய பகுதி பெரும்பாலும் திரும்ப நிமிர்வதில்லை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே ஒதுங்கும். ஆண்டின் எஞ்சிய காலத்தில் தெற்கே ஒதுங்கும். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடமே. பருவத்தைவிட, பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதுதான் இங்கே ஒரு செடிக்குக் கிடைக்கும் ஒளியைத் தீர்மானிக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் முகப்பில் தொட்டியில் நிற்கும் துளசியும் கறிவேப்பிலையும், மாடம் எத்திசை பார்த்திருந்தாலும், சுவரை விட்டு வெளிப்புறமாகச் சாய்வதற்கு இதுவே காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மறு ஓரத்தில், கெப்போங் காட்டில், இதே ஒளியுணர்வு நேர்மாறான விளைவைத் தந்திருக்கலாம்: அங்கே மரங்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன.

தொடக்ககாலக் கவனிப்புகள்

செடிகள் சூரியனைப் பார்த்துத் திரும்புவதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். கொண்கானங்கிழானைப் பாடும் மோசிகீரனாரின் புறநானூற்று 155ஆம் பாடல், நெருஞ்சிப்பூ ஞாயிற்றை எதிர்கொள்வதை உவமையாக்குகிறது. குறுந்தொகை 315இல் தலைவன் ஞாயிறு, தலைவியின் தோள் நெருஞ்சி. விளக்கம் ஏதும் சேர்க்காமல் புலவர்கள் இதை உவமையாகப் பயன்படுத்தியதிலிருந்து, கேட்போருக்கும் அது பழகிய காட்சி என்று கொள்ளலாம்.

கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டையொட்டி, இத்தகைய திரும்புதலைப் பதிவு செய்ததோடு காரணமும் சொன்னார்: வெயில் படும் பக்கம் ஈரம் உலர்ந்து சுருங்குகிறது. செடி எதையும் உணர்வதில்லை, வெயில் அதை வாட்டி வளைக்கிறது என்ற இந்தக் கருத்து இரண்டாயிரம் ஆண்டு நீடித்தது. சுவிட்சர்லாந்தின் டி காண்டோல் 1832இல், வளைவு வளர்ச்சி வேறுபாட்டால் வருவது என்று திருத்தினார். ஆயினும், ஒளி பட்ட இடமே வளைகிறது என்ற எண்ணம் மாறவில்லை.

நுனி பார்க்கிறது, தண்டு வளைகிறது

அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும். 1880இல் இருவரும் வெளியிட்ட ‘தாவரங்களின் அசைவாற்றல்’ என்ற நூலில் கேனரிப் புல்லின் நாற்றுகளைக் கொண்டு செய்த சோதனைகள் விரிவாக உள்ளன. புல்லின் முளைக்குருத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கும். அந்த உறையின் நுனியை ஈயத்தாள் தொப்பியால் மூடினால் நாற்று வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு, கீழ்ப்பகுதியைக் கருமணலில் புதைத்தால் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழேயுள்ள பகுதி. ஏதோ ஒரு தாக்கம் மேலிருந்து கீழே போகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். உணரும் உறுப்பும் செயல்படும் உறுப்பும் வேறுவேறு என்பது விலங்கு உடலுக்கே உரியதென்று கருதப்பட்ட காலம் அது.

அந்தத் தாக்கம் எத்தகையது? இந்தியாவில் ஜகதீச சந்திர போஸ் அதை நரம்புத் துடிப்புக்கு நிகரானதாகக் கண்டார். 1917இல் கல்கத்தாவில் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய அவர், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியையும் பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். ஃபரித்பூரில் மாலையில் தலை தாழ்த்திக் காலையில் நிமிர்ந்த பேரீச்ச மரமொன்றை மக்கள் தெய்வச் செயலாக வணங்கினார்கள். போஸ் அதை ஆராய்ந்து, அங்கே வேலை செய்வது ஒளியன்று, வெப்பநிலை மாற்றம் என்று காட்டினார். ஒளித்திருப்பத்தில் மட்டும் விடை அவர் தேடிய திசையில் கிடைக்கவில்லை.

டென்மார்க்கின் பாய்சன்-யென்சன் 1910க்கும் 1913க்கும் இடையில் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, நடுவே ஜெலட்டின் துண்டு வைத்து, மீண்டும் பொருத்தினார். நாற்று வளைந்தது. நீர் புகாத மைக்காத் தகட்டை நிழல் பக்கத்தில் செருகியபோது வளையவில்லை. ஆக, கரைந்து ஊடுருவும் பொருளொன்று நிழல் பக்கம் வழியாக இறங்குகிறது. ஹங்கேரியின் பால் 1919இல், வெட்டிய நுனியைச் சற்றே ஓரமாக வைத்து, ஒளியே இல்லாமல் இருட்டில் நாற்றை வளைத்துக் காட்டினார்.

அந்தப் பொருளைத் தனியே பிடித்தவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வெண்ட். 1926இல் உட்ரெக்டில், வெட்டிய நுனிகளை அகார்-அகார் துண்டின்மேல் சிறிது நேரம் வைத்தார். மலேசிய வீடுகளில் இனிப்பாகச் செய்யப்படும் அதே கடற்பாசிக் கூழ்தான். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அந்த அகார் துண்டை நுனியில்லாத நாற்றின் ஓரத்தில் வைத்தார். நாற்று வளைந்தது, துண்டில் பொருள் அதிகமாக ஏறியிருந்தால் வளைவின் கோணமும் கூடியது. அவரும் கீவ் நகரின் சொலொத்னியும் தனித்தனியே வந்தடைந்த முடிவு இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது: பக்கவாட்டு ஒளி பட்டதும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் ஒதுங்குகிறது, அங்கே செல்சுவர்கள் தளர்ந்து செல்கள் நீள்கின்றன, தண்டு ஒளியை நோக்கி மடங்குகிறது. வெண்ட் 1928இல் ஆய்வேட்டை முடித்தபின் சில ஆண்டுகள் ஜாவாவில், இன்று போகோர் எனப்படும் பைட்டன்சோர்க் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிவிட்டு, 1933இல் கலிஃபோர்னியா சென்றார். அடுத்த ஆண்டு ஆக்சினின் வேதியியல் அடையாளம் இந்தோல் அசிட்டிக் அமிலம் என்று உறுதியாயிற்று.

மலாயாவுக்கு வந்த செயற்கை ஆக்சின்

புல் நாற்றின் வளைவைத் தேடிய ஆய்வு மலாயாவுக்குள் நுழைந்தது ரசாயன வடிவில். 1940களில் ஆக்சினின் செயலைப் போலி செய்யும் 2,4-டி, 2,4,5-டி ஆகிய பொருள்கள் உருவாயின. சிறிய அளவில் வளர்ச்சியைத் தூண்டும் இவை, மிகுந்த அளவில் அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரச்செய்து கொன்றுவிடும். மலாயாவின் அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், பதுங்கித் தாக்குவோருக்கு மறைவிடமான சாலையோரப் புதர்களை ஒழிக்க பிரிட்டிஷ் நிர்வாகம் இவற்றைத் தெளித்தது. பின்னாளில் அமெரிக்கா வியட்நாமில் பயன்படுத்திய ஏஜெண்ட் ஆரஞ்ச், இதே இரண்டின் கலவை.

அதே பத்தாண்டில் இவை பால்மரத் தோட்டங்களுக்கும் வந்தன. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைகளில், வெட்டுவாய்க்குக் கீழே பட்டையை மெல்லச் சுரண்டி, செம்பனை எண்ணெயில் கலந்த செயற்கை ஆக்சினைப் பூசியபோது பால் அதிக நேரம் வடிந்தது. தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர்களாக நின்றவர்களில் பெரும்பங்கினர் தமிழர். எதிலிருந்து பிறந்த மருந்து என்று அறியாமலே அதன் விளைவை வாளியில் அளந்தவர்கள் அவர்கள். 1960களின் இறுதியில், எத்திலீன் வாயுவை வெளியிடும் எத்தெஃபான் வந்ததும் இந்தப் பூச்சு வழக்கொழிந்தது.

நீல ஒளியை உணரும் புரதம்

செடி எதைக்கொண்டு ஒளியைப் பார்க்கிறது என்ற கேள்வி டார்வினுக்குப்பின் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் நின்றது. நீல ஒளியே வளைவைத் தூண்டுகிறது, சிவப்பு ஒளி தூண்டுவதில்லை என்பது தெரிந்திருந்தது. நீலத்தை உறிஞ்சும் நிறமி கேரட்டின் வகையா, ஃபிளேவின் வகையா என்ற வாதம் பல பத்தாண்டு நடந்தது.

அமெரிக்காவின் வின்ஸ்லோ பிரிக்ஸ் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதற்குச் செலவிட்டார். 1957இல் மக்காச்சோள நாற்றுகளில், ஒளி ஆக்சினை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்று அவர் குழு காட்டியது: நுனியை மெல்லிய கண்ணாடியால் இரண்டாகப் பிரித்தால் இரு பாதியிலும் ஆக்சின் சமம், பிரிக்காவிட்டால் நிழல் பாதியில் அதிகம். நாற்பது ஆண்டுக்குப்பின், 1997இல், ஒளிக்கு வளையாத அராபிடாப்சிஸ் செடியில் பழுதான மரபணு எது என்பது அவர் ஆய்வகத்தில் வெளிப்பட்டது. அது உருவாக்கும் புரதம் ஃபிளேவினைச் சுமந்து நீல ஒளியை உறிஞ்சுகிறது என்பது மறு ஆண்டு உறுதியாயிற்று. அதற்கு ஃபோட்டோட்ரோபின் என்று பெயரிட்டார்கள்.

இந்தப் புரதக் குடும்பத்தின் வேலை வளைப்பதோடு முடிவதில்லை. இலைத்துளைகள் திறப்பதிலும் அதற்குப் பங்குண்டு. நண்பகல் வெயில் கடுமையாகும்போது இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகங்கள் பக்கச் சுவர்களுக்கு ஒதுங்கிச் சேதத்தைத் தவிர்ப்பதும் இதன் ஆணையால்தான்.

திசையை அறிய இரு பக்கத்துக்கும் ஒளியளவில் வேறுபாடு வேண்டும். நூல்போன்ற தண்டில் அது எப்படி உண்டாகிறது? செல்களுக்கு இடையே உள்ள காற்றுக் கால்வாய்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் என்று லோசான் பல்கலைக்கழகக் குழு 2023இல் காட்டியது. அந்தக் கால்வாய்களில் நீர் நிரம்பிய செடி, ஃபோட்டோட்ரோபின் குறையாமல் இருந்தும், திசையறிவதில் தடுமாறியது.

ஒத்த தோற்றம், வேறு பொறிமுறை

ஒளிக்கேற்ப நிகழும் எல்லா அசைவும் ஒளித்திருப்பம் ஆகாது. கோலாலம்பூரின் பழைய சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் இதற்கு நல்ல சான்று. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் 1870களில் இவ்வட்டாரத்துக்கு வந்தது. மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இதைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி, என்றும் அழைப்பார்கள். இலைக்காம்பின் அடியில் புடைத்திருக்கும் மூட்டில் பொட்டாசியம் அயனிகள் ஒரு பக்கச் செல்களிலிருந்து வெளியேறி மறுபக்கச் செல்களுக்குள் புக, நீரும் உடன் நகர்கிறது, இலை மடிகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ரூத் சாட்டரும் ஆர்தர் கால்ஸ்டனும் 1970களில் இதைக் கண்டறிய எடுத்துக்கொண்ட மரங்களில் தூங்குமூஞ்சியும் ஒன்று. இங்கே வளர்ச்சி இல்லை. காலையில் எல்லாம் பழையபடி விரிந்துவிடும்.

சூரியகாந்தி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இளஞ்செடியின் தண்டில் பகலில் கிழக்குப் பக்கமும் இரவில் மேற்குப் பக்கமும் மாறிமாறி நீள்கின்றன. அதனால் தலை கிழக்கிலிருந்து மேற்கே போய், விடியுமுன் கிழக்கே திரும்பிக் காத்திருக்கிறது. இதை உள்ளிருந்து நடத்துவது செடியின் நாட்கடிகாரம் என்று கலிஃபோர்னியாவின் ஸ்டேசி ஹார்மர் குழு 2016இல் நிறுவியது. பூத்தபின் அசைவு நின்று, தலை கிழக்கு நோக்கி நிலைத்துவிடும். காலை வெயிலில் விரைவில் சூடேறும் அத்தகைய பூக்களுக்கு, மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் வந்தன. சூரியனைத் தொடரும் அந்த வயல்வெளி அசைவுக்கு ஃபோட்டோட்ரோபின் மட்டும் காரணமாகத் தெரியவில்லை என்று அதே குழு 2023இல் எழுதியது.

அண்டையை அறியும் கண்

நீல ஒளி திசையைச் சொல்கிறது. சிவப்பு ஒளி அக்கம்பக்கத்தைச் சொல்கிறது. 1959இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் கண்டறியப்பட்ட ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி, சிவப்பு ஒளியையும் அதைக் கடந்து கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தொலைசிவப்பு ஒளியையும் ஒப்பிடுகிறது. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. திறந்த வெயிலில் இரண்டின் விகிதம் ஏறத்தாழ 1.2, அடர்ந்த இலைக்கூரையின்கீழ் அது 0.1 வரை இறங்கும். அர்ஜென்டினாவின் பல்யாரே குழு 1990இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது: பக்கத்துச் செடியின் நிழல் தன்மேல் விழுவதற்கு முன்பே, அதன் இலையில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பைக் கொண்டு நாற்று அண்டை அயலை அறிந்து, உயரத் தொடங்குகிறது.

கெப்போங்கின் காப்பூர் மரங்கள்

கோலாலம்பூரின் வடமேற்கே கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிலையம் 1920களின் பிற்பகுதியில் உருவானது. இடத்தைத் தேர்ந்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபாக்ஸ்வர்தி. ஈயச் சுரங்கம் தோண்டிச் சிதைந்த குழிகளும் காய்கறித் தோட்டங்களுமாய், பெரும்பாலும் மரமற்றுக் கிடந்த நிலம் அது. அங்கே நடப்பட்ட மரங்கள் வளர்ந்து, இன்று 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடாக நிற்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது காப்பூர். தீபகற்பத்தின் கிழக்குக் கரைக் காடுகளுக்கு உரிய இம்மரம் சிலாங்கூரில் காஞ்சிங் பகுதியிலும் வளர்கிறது. 60 மீட்டர் வரை உயரக்கூடியது.

தமிழருக்கு இந்த மரம் புதிதன்று. சர்க்கரைப் பொங்கலிலும் கோயில் தீர்த்தத்திலும் சேரும் பச்சைக் கற்பூரம் இயற்கையில் இதன் நடுத்தண்டில் படிகமாக உறைவது. அதைத் தேடிச் சென்ற ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர், சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கி.பி. 1088இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நிறுத்தினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பூசைப்பொருள் கடைகளில் இன்று விற்பது பெரும்பாலும் ஆலையில் தயாரானது.

கெப்போங்கில் காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இலைக்கூரை வறண்ட ஏரித் தரைபோல வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு மரத்தின் முகடும் தன் எல்லையோடு நின்றுவிட, இடையில் வானம் கோடுகோடாகத் தெரியும். இதற்கு முகட்டு நாணம் என்று பெயர். இக்காட்சி வேறு இடங்களில் முன்பே பதிவாகியிருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேக்கப்ஸ் 1955இல் யூகலிப்டஸ் மரங்களைப் பற்றி எழுதியபோது, காற்றில் கிளைகள் மோதி நுனிகள் முறிவதே காரணம் என்றார். கெப்போங்கில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃபிரான்சிஸ் இங் காப்பூர் மரங்களை ஆராய்ந்து, 1977இல் ‘நேச்சர் மலேசியானா’ இதழில் எழுதிய கட்டுரையில் வேறு விளக்கம் தந்தார். உரசலால் நுனிகள் சிதைந்ததற்கான தடயம் அவருக்குக் கிடைக்கவில்லை. வளரும் நுனிகள் ஒளியின் அளவை உணர்பவை. பக்கத்து மரத்தின் இலையை நெருங்கி நிழல் கூடியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பது அவர் கருத்து.

புல் நாற்றின் நுனியைப் பற்றி டார்வின் கண்டதை, முகட்டில் இருக்கும் கிளை நுனிக்கு நீட்டிப் பார்த்தது இந்த விளக்கம். பயற்று நாற்று ஒளிக் குறைவை உணர்ந்து விலகி ஓடுகிறது. காப்பூரின் நுனி அதே குறைவை உணர்ந்து அடங்குகிறது. பின்னாளில் ஃபைட்டோகுரோம் பற்றித் தெரியவந்தவை, அண்டை இலையை அறியும் ஆற்றல் தாவரத்துக்கு உண்டு என்ற பகுதியை வலுப்படுத்தின.

எதிர்ச் சான்றும் உண்டு. கோஸ்டாரிகாவின் கண்டல் மரங்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் புட்ஸ் குழு 1984இல், காற்றில் அதிகம் ஆடும் மரங்களுக்கிடையே இடைவெளியும் அதிகம் என்று காட்டி, மோதல் விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. எல்லா இனத்துக்கும் ஒரே காரணம் பொருந்தாது என்பதே இப்போது ஆய்வாளர் பலர் கொள்ளும் நிலை. ஒரே இன மரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில்தான் இடைவெளி தெளிவாக அமைகிறது. பல இனம் கலந்த காட்டில் அருகியே தெரிகிறது.

அட்டைப்பெட்டி நாற்று சில நாளில் விடை சொல்லிவிடும். வானளாவும் மரத்தின் நுனியில் ஒளியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று. தரையிலிருந்து லேசர் கதிர் வீசி, இரு முகடுகளின் எல்லையை முப்பரிமாணத்தில் அளக்கும் முறை அண்மை ஆண்டுகளில் கைகொடுக்கத் தொடங்கியிருக்கிறது. கெப்போங் காடு, மனிதர் நட்டு மீட்ட மழைக்காடு என்ற சிறப்புக்காக, 2025இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. காப்பூர் தோப்பு அதன் எல்லைக்குள் அடங்கும்.